வேர்டுக்குள் வைத்த எக்செல் அட்டவணையில் லிங்க் ஏன் திறப்பதில்லை?

கேள்வி இதுதான். கல்லூரியில் தர அறிக்கை தயாராகிறது, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்குப் போக வேண்டியது. வேர்ட் கோப்பின் நடுவே ஓர் எக்செல் அட்டவணையை எம்பெட் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் சான்றாவணத்துக்கு ஒரு ஹைப்பர்லிங்க். சில லிங்குகள் கணினியில் இருக்கும் பிடிஎஃப்களுக்கு, சில கல்லூரி இணையதளத்துக்கு, சில அதே எக்செல்லின் வேறு ஷீட்டுக்கு. எக்செல்லைத் தனியாகத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. வேர்டில் கிளிக் செய்தால் அசையவே மாட்டேன் என்கின்றன. இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போய் அழுத்தினால் 'கேனாட் ஓப்பன் த ஸ்பெசிஃபைட் ஃபைல்' என்று வருகிறது. அதே கோப்பை முதல்வர் அறைக் கணினியில் திறந்து இணைய லிங்கை அழுத்தினால், 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் இன் எஃபெக்ட் ஆன் திஸ் கம்ப்யூட்டர்' என்று வேறொரு அறிவிப்பு. ஆஃபீஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டாம். மூன்று தொல்லைக்கும் காரணம் தனித்தனி, எதற்கும் மறுநிறுவல் தேவைப்படாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிளிக் செய்தால் அசையாததை முதலில் எடுத்துக்கொள்வோம். வேர்டில் நீங்கள் பார்ப்பது அட்டவணையே அல்ல, அட்டவணையின் படம். எம்பெட் செய்யும்போது எக்செல் கோப்பு முழுவதும் வேர்ட் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் காட்டுவதற்கு மட்டும் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு எக்செல் மூடிக்கொள்கிறது. லிங்கின் நீல நிறமும் அடிக்கோடும் படத்தில் வந்துவிடும், லிங்க் வராது. இரட்டைக் கிளிக் செய்தால்தான் உள்ளே இருக்கும் நிஜ ஷீட் விழித்துக்கொள்கிறது. வேர்டின் ரிப்பன் மறைந்து எக்செல்லின் ரிப்பன் வரும், அட்டவணையைச் சுற்றிக் கோடு போட்ட கரை தெரியும். லிங்குக்கு உயிர் வருவது அந்த நிலையில்தான். ஆகவே ஒற்றைக் கிளிக்குக்கு லிங்க் அசையாதது பிழையே இல்லை, எம்பெட் என்ற ஏற்பாடே அப்படித்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அட்டவணையின் மேல் வலது கிளிக், அதில் 'வொர்க்‌ஷீட் ஆப்ஜெக்ட்', அதற்குள் 'ஓப்பன்'. எம்பெட் ஆன ஷீட் தனி எக்செல் ஜன்னலில் திறக்கும். லிங்குகளைச் சோதிக்க இதுவே நல்லது. வேர்டுக்குள் இரட்டைக் கிளிக் செய்து நுழையும்போது ஒரு பக்கவிளைவு உண்டு: ஷீட்டுக்குள் வேறு ஷீட்டுக்குத் தாவும் லிங்கை அழுத்திவிட்டு வெளியே கிளிக் செய்தால், வேர்ட் பக்கத்தில் இப்போது அந்த இரண்டாவது ஷீட்டின் படம்தான் நிற்கும். எந்த ஷீட்டில், எந்த இடத்தில் விட்டுவிட்டு வெளியே வந்தீர்களோ அதைத்தான் எக்செல் படம் எடுக்கும். அறிக்கையின் 40-ஆம் பக்கத்தில் இருந்த அட்டவணை காணாமல் போய் ஏதோ மூல விவரப் பட்டியல் நிற்கிறது என்று பதறுபவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு லிங்கை அழுத்திவிட்டு வந்தவர்கள்தான்.

இரட்டைக் கிளிக்கும் வேலை செய்யவில்லை என்றால் ஜன்னலின் மேலே மஞ்சள் பட்டை இருக்கிறதா பாருங்கள். மின்னஞ்சலில் வந்த கோப்பையும் இணையத்திலிருந்து இறக்கிய கோப்பையும் வேர்ட் 'புரொடெக்டட் வியூ'வில் திறக்கும். 'எனேபிள் எடிட்டிங்' கொடுக்கும்வரை எம்பெட் ஆன எதுவும் திறக்காது. பிரவுசரில் ஓடும் வேர்டிலும் கைப்பேசியிலும் கேட்கவே வேண்டாம், அங்கே அது வெறும் படம்தான். உங்கள் அறிக்கையைப் படிக்கப் போகிறவர் எதில் திறப்பார் என்று இப்போதே யோசித்துவிடுங்கள். கடைசியில் நான் சொல்லப்போவது அதைச் சார்ந்தது.

இனி 'கேனாட் ஓப்பன் த ஸ்பெசிஃபைட் ஃபைல்'. உங்கள் கேள்வியின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எக்செல்லில் ஒரு பிடிஎஃப்புக்கு லிங்க் கொடுக்கும்போது நீங்கள் டி டிரைவ், அதில் நாக் ஃபோல்டர், அதில் சான்றுகள் ஃபோல்டர் என்று தேடிப் போய்க் கோப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். முழுப் பாதையும் பதிவாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் அந்த பிடிஎஃப்பும் எக்செல் கோப்பும் ஒரே டிரைவில் இருந்தால், எக்செல் பெரும்பாலும் முழுப் பாதையை வைத்துக்கொள்வதில்லை. 'நான் இருக்கும் இடத்திலிருந்து சான்றுகள் ஃபோல்டருக்குள்' என்று சுருக்கித்தான் சேமிக்கும். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். நாக் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் தூக்கிப் போட்டாலும் லிங்குகள் உடையாமல் இருப்பது அதனால்தான்.

எம்பெட் ஆனபின் சிக்கல் வருகிறது. 'பஸ் ஸ்டாண்டிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கடை' என்று வழி சொன்னால் எந்த ஊர் பஸ் ஸ்டாண்ட் என்று தெரிந்திருக்க வேண்டுமே. வேர்டுக்குள் போன ஷீட்டுக்கு டிரைவும் இல்லை, ஃபோல்டரும் இல்லை. தனி ஜன்னலில் திறந்து தலைப்புப் பட்டையைப் பாருங்கள், உங்கள் எக்செல் கோப்பின் பெயர் அங்கே இருக்காது, இன்ன ஆவணத்துக்குள் இருக்கும் வொர்க்‌ஷீட் என்றுதான் இருக்கும். அதனால் சுருக்கப் பாதையை எங்கிருந்து தொடங்குவது என்று எக்செல்லுக்குத் தெரிவதில்லை. வேர்ட் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்துதானே தொடங்கும் என்று நாம் எதிர்பார்ப்போம், அப்படி நடக்கும் என்று நம்பி எதையும் செய்ய முடியாது. சம்பந்தமில்லாத ஏதோ ஒரு ஃபோல்டரில் தேடிவிட்டுக் கோப்பு இல்லை என்று கைவிரிக்கிறது.

சந்தேகமாக இருந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வேர்ட் கோப்பை ஒரு நகல் எடுத்து, நகலின் பெயர்க் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்ற விரிவை ஜிப் என்று மாற்றுங்கள். விண்டோஸ் முறைக்கும், பரவாயில்லை என்று சொல்லுங்கள். 2007-இலிருந்து வரும் ஆஃபீஸ் கோப்புகள் எல்லாம் உள்ளுக்குள் ஜிப் கட்டுகள்தான். அதைத் திறந்தால் 'வேர்ட்' என்ற ஃபோல்டர், அதனுள் 'எம்பெட்டிங்ஸ்' என்ற ஃபோல்டர், அதனுள் உங்கள் எக்செல் முழுசாக உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே 'மீடியா' ஃபோல்டரில் நான் சொன்ன அந்தப் படமும் இருக்கும். அந்த எக்செல்லை வெளியே எடுத்து, அதன் விரிவையும் ஜிப் என்று மாற்றி உள்ளே போனால், 'எக்ஸ்எல்' ஃபோல்டரில் 'வொர்க்‌ஷீட்ஸ்', அதனுள் 'ரெல்ஸ்' என்ற ஃபோல்டர். அங்கே இருக்கும் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு லிங்குக்கும் 'டார்கெட்' என்று ஓர் இடம் தெரியும். அதில் டிரைவ் எழுத்தோடு முழுப் பாதை இருந்தால் அது முழு முகவரி. ஃபோல்டர் பெயரிலோ கோப்புப் பெயரிலோ நேரடியாகத் தொடங்கினால் சுருக்கப் பாதை. ஃபார்முலாவால் போட்ட லிங்குகள் மட்டும் இங்கே வராது, அவை செல்லுக்குள்ளேயே இருக்கும்.

இப்படிப் பார்க்கும்போது சிலருக்கு இன்னோர் அதிர்ச்சி காத்திருக்கும். டார்கெட்டில் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், எக்செல் என்று நீங்கள் ஒருபோதும் தேர்ந்தெடுக்காத பாதை ஒன்று இருக்கும். எக்செல் ஒருமுறை நடுவில் நின்றுபோய், மீட்டெடுத்த பிரதியை நீங்கள் சேமித்திருந்தால் இது நடக்கும். மீட்புப் பிரதி அந்த ஃபோல்டரில் இருப்பதால், சுருக்கப் பாதைகள் எல்லாம் அங்கிருந்து கணக்கிடப்பட்டு மாறிவிடுகின்றன. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் வைத்து வேலை செய்திருந்தால் அதேபோலப் பாதைக்குப் பதில் டாக்ஸ்.லைவ்.நெட் என்று முடியும் தளத்தின் நீண்ட இணைய முகவரி வந்திருக்கலாம். இனி இப்படி மாறாமல் இருக்க எக்செல்லில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், 'ஜெனரல்' பகுதியில் 'வெப் ஆப்ஷன்ஸ்', அதில் 'ஃபைல்ஸ்' தாவலில் 'அப்டேட் லிங்க்ஸ் ஆன் சேவ்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மாறிப்போனவற்றை இது திருத்தாது, இனி மாறுவதைத்தான் தடுக்கும்.

அதே நேரம் ஃபைல், இன்ஃபோ, ப்ராபர்டீஸ், அட்வான்ஸ்டு ப்ராபர்டீஸில் 'ஹைப்பர்லிங்க் பேஸ்' என்ற கட்டத்தையும் எட்டிப் பாருங்கள். யாரோ கொடுத்த பழைய டெம்ப்ளேட்டில் தொடங்கிய கோப்பாக இருந்தால் அதில் போன வருடத்து ஃபோல்டர் எழுதியிருக்கும், சுருக்கப் பாதைகள் எல்லாம் அங்கே போய்த் தேடும்.

சரி, திருத்துவது எப்படி? சுருக்கப் பாதையை முழுப் பாதையாக்க வேண்டும். இருநூறு லிங்கை ஒவ்வொன்றாகத் திருத்துவது ஆகாத காரியம். கண்டுபிடித்து மாற்றும் வசதியும் இங்கே உதவாது. அது செல்லில் தெரியும் எழுத்தையும் ஃபார்முலாவையும் மாற்றுமே தவிர, 'இன்சர்ட் லிங்க்' வழியாகப் போட்ட லிங்கின் உள்முகவரியைத் தொடாது. இதற்கு நான் பரிந்துரைப்பது ஹைப்பர்லிங்க் ஃபார்முலா. எச்1 செல்லில் சான்றுகள் ஃபோல்டரின் முழுப் பாதையை, கடைசிச் சாய்கோட்டையும் சேர்த்து எழுதுங்கள். பி நெடுவரிசையில் கோப்புப் பெயர்கள் மட்டும். லிங்க் வரவேண்டிய செல்லில் ஹைப்பர்லிங்க் ஃபங்ஷனைப் போட்டு, முதல் இடத்தில் எச்1-ஐயும் பி2-ஐயும் & குறியால் சேர்த்து, இரண்டாவது இடத்தில் 'சான்று' என்று காட்டவேண்டிய சொல்லைக் கொடுங்கள். எச்1-க்கு டாலர் குறிகள் போட்டுவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அது நகராது. நாளை ஃபோல்டர் இடம் மாறினால் எச்1 ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், அத்தனை லிங்கும் மாறிவிடும்.

இதில் கெட்டிக்காரத்தனமாகச் சிலர் 'செல்' ஃபங்ஷனைக் கொண்டு கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் தானாகக் கண்டுபிடித்து எச்1-இல் வரச் செய்வார்கள். தனி எக்செல்லில் அருமையான யோசனை. எம்பெட் ஆனபின் கண்டுபிடிக்க ஃபோல்டரே இல்லை என்பதால் அதுவும் கவிழ்ந்துவிடும். பாதையைக் கையாலேயே எழுதுங்கள்.

முழுப் பாதையிலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கணினியில் இசட் டிரைவாக இருக்கும் நெட்வொர்க் ஃபோல்டர் பக்கத்து அறையில் ஒய் டிரைவாக இருக்கலாம். கல்லூரிக்குள் பகிர்ந்த ஃபோல்டர் என்றால் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக இரண்டு பின்சாய்கோடுகளில் தொடங்கும் சர்வர் முகவரியைப் பயன்படுத்துங்கள். கல்லூரிக்கு வெளியே போகிற அறிக்கைக்கு இரண்டும் பயன்படாது. டி டிரைவ் பாதை உங்கள் மேசையைத் தாண்டினால் செல்லாது.

ஃபோல்டரோடு சேர்த்து ஜிப் செய்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெறுகிறவர் ஜிப்பைப் பிரிக்காமல் அதற்குள்ளேயே வேர்ட் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால், விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துத் திறக்கிறது. சான்றுகள் கட்டுக்குள்ளேயே கிடக்கும், லிங்குகள் வெட்டவெளியைப் பார்த்து நிற்கும். முதலில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுக்கச் சொல்லி மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

கோப்புப் பெயர்களையும் ஒருமுறை பாருங்கள். 'பட்டியல் #3' என்பதுபோல் பெயரில் # குறி இருந்தால் லிங்க் உடையும். ஆஃபீஸுக்கு # என்றால் 'கோப்பின் பெயர் இத்தோடு முடிந்தது, இனி வருவது கோப்புக்குள் ஓர் இடம்' என்று பொருள். 'பட்டியல்' என்ற கோப்பைத் தேடிப் போய் ஏமாறும். குறியை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றுவதுதான் எளிது.

அதே எக்செல்லின் வேறு ஷீட்டுக்குப் போகும் லிங்குகளில் 'ரெஃபரன்ஸ் இஸ்ன்ட் வேலிட்' என்று வந்தால் விஷயம் வேறு. லிங்க் போடும்போது கோப்புப் பெயரையும் சேர்த்து, இன்ன கோப்பின் இன்ன ஷீட்டின் இன்ன செல் என்று கொடுத்திருப்பீர்கள். எம்பெட் ஆன ஷீட்டுக்குப் பழைய பெயர் இல்லை. ஃபார்முலாவில் கோப்புப் பெயருக்குப் பதில் வெறும் # போட்டு, பிறகு ஷீட் பெயரும் செல்லும் கொடுங்கள். 'இந்தக் கோப்பிலேயே' என்று பொருளாகிவிடும். ஷீட் பெயரில் இடைவெளி இருந்தால் அதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைப்பது கட்டாயம். இல்லாவிட்டாலும் வைத்துவிடுங்கள், கெடுதல் இல்லை. இதைவிட நல்லது, போய்ச் சேரவேண்டிய செல்லுக்கு ஒரு பெயர் சூட்டி அந்தப் பெயருக்கு லிங்க் கொடுப்பது. செல்லைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டையின் இடப்பக்கம் இருக்கும் சிறிய கட்டத்தில் பெயரை அடித்து என்டர் தட்டினால் போதும். பிறகு யார் ஷீட் பெயரை மாற்றினாலும், நடுவே வரிசை சேர்த்தாலும் அந்தப் பெயர் சரியான செல்லோடு ஒட்டிக்கொண்டே நகரும்.

முதல்வர் அறைக் கணினிக்கு வருவோம். அங்கே வந்த 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' அறிவிப்பைப் பார்த்தால் யாரோ தடை போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நிர்வாகி நிஜமாகவே தடை போட்ட கணினிகளும் உண்டு. ஆனால் கல்லூரி அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் காரணம் வேறு: பிரவுசர் ஒன்றை நிறுவிப் பிறகு அழித்திருப்பார்கள், வலைப்பக்கங்களை எதில் திறப்பது என்ற விண்டோஸின் பதிவு அந்த இல்லாத பிரவுசரையே காட்டிக்கொண்டிருக்கும். ஆஃபீஸ் அதைக் கேட்டு, பதில் கிடைக்காமல், இந்த அறிவிப்பைப் போடுகிறது. சோதிப்பது சுலபம். வெறும் வேர்ட் பக்கத்தில் அதே இணைய முகவரியைத் தட்டி, கன்ட்ரோல் பிடித்துக் கிளிக் செய்யுங்கள். அங்கேயும் அதே அறிவிப்பு வந்தால் எம்பெட் ஆன ஷீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் 'டிஃபால்ட் ஆப்ஸ்' போய் எட்ஜை இயல்புப் பிரவுசராக வையுங்கள். ஆஃபீஸை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். வேலை செய்தபின் விருப்பமான பிரவுசருக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸின் உள்ளமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும், அவை சரியாகவும் இருக்கும். ஆனால் முதல்வர் கணினியில் முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள்.

லிங்க் திறக்கிறது, ஆனால் லாகின் பக்கத்துக்குப் போகிறது என்றால் அது பிழையறிவிப்பு இல்லாத பிழை. சான்றுகள் கூகுள் டிரைவில் இருந்தால் முதலில் பகிர்வு அனுமதியைப் பாருங்கள். உங்களுக்குத் திறக்கும், உங்கள் கணக்கிலேயே நீங்கள் இருப்பதால். மதிப்பீட்டாளருக்கு 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம் வரும். இன்காக்னிட்டோ ஜன்னலில் முகவரியை ஒட்டிப் பார்த்தால் அவர் பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம். அனுமதி சரியாக இருந்தும் லாகின் கேட்கிற தளங்கள் உண்டு. ஆஃபீஸ் லிங்கை நேரே பிரவுசரிடம் கொடுக்காமல் முதலில் தானே அந்த முகவரியைத் தட்டிப் பார்க்கிறது. பிரவுசரில் நீங்கள் லாகின் செய்திருப்பது அதற்குத் தெரியாது. தளம் அதை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட, அந்தத் திருப்பிய முகவரிதான் பிரவுசருக்குப் போய்ச் சேர்கிறது. சான்றாவணங்களை லாகின் கேட்காத பொதுப் பக்கத்தில் வைப்பது தவிர இதற்கு நல்ல தீர்வு இல்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இணைய லிங்கில் தனித் தொல்லை ஒன்று உண்டு. இணைய முகவரியில் தமிழ் எழுத்து சதவீதக் குறிகளாக மாற்றப்படும். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும், ஆக ஒன்று ஒன்பதாகிவிடும். 'சான்று' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்குத் துணைக்கால், புள்ளி, உகரக் குறி எல்லாம் சேர்த்து ஆறு குறிகள், முகவரியில் 54 எழுத்துகள். எக்செல் ஃபார்முலாவுக்குள் நேரடியாக எழுதும் ஓர் உரை 255 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. 'மாணவர் சேர்க்கை விவரச் சான்றாவணம்' என்று அழகாகப் பெயர் வைத்த ஒரு கோப்பே அந்த எல்லையைத் தனியாகத் தாண்டிவிடும். எனக்கும் தமிழ்ப் பெயர்தான் பிடிக்கும். ஆனால் இணையத்தில் ஏற்றும் சான்றுக்கு 3-1-2 என்பதுபோல் நாக் அளவுகோல் எண்ணையே பெயராக வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரை அட்டவணையில் காட்டும் சொல்லாக வைப்பதுதான் பிழைக்கும் வழி.

ஒருவேளை நீங்கள் எம்பெட் செய்யாமல் 'பேஸ்ட் லிங்க்' கொடுத்திருந்தால் மேலே சொன்னது பாதி பொருந்தாது. அங்கே அட்டவணை வேர்டுக்குள் இல்லை, வெளியே இருக்கும் எக்செல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எது என்று தெரிய ஆல்ட்டும் எஃப்9-உம் அழுத்துங்கள். அட்டவணை இருந்த இடத்தில் லிங்க் என்று தொடங்கி எக்செல் கோப்பின் பாதையைக் காட்டும் ஒரு வரி வந்தால் அது லிங்க் செய்தது, எம்பெட் என்று வந்தால் எம்பெட் செய்தது. லிங்க் செய்த எக்செல்லை நகர்த்திவிட்டால் 'எரர்! நாட் எ வேலிட் லிங்க்' என்று தடித்த எழுத்தில் வரும். ஃபைல், இன்ஃபோவில் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்', அதில் 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டலாம். இருபது அட்டவணை இருந்தால், அந்த ஆல்ட்-எஃப்9 காட்சியிலேயே கண்டுபிடித்து மாற்றுவது வேகம். அங்கே பாதையின் பின்சாய்கோடுகள் இரட்டையாக இருக்கும், நீங்களும் இரட்டையாகவே தட்ட வேண்டும். மாற்றியபின் கன்ட்ரோல்-ஏ, பிறகு எஃப்9.

பவர்பாயின்ட்டில் இதே படக் கதைதான், கொஞ்சம் மோசமாக. ஸ்லைடு ஷோ ஓடும்போது எம்பெட் ஆன ஷீட்டின் லிங்கை அழுத்த வழியே இல்லை. அட்டவணையின் மேல் செவ்வகம் வரைந்து அந்தச் செவ்வகத்துக்கு லிங்க் கொடுப்பார்கள். அதில் ஒரு நுணுக்கம்: செவ்வகத்துக்கு 'நோ ஃபில்' கொடுத்தால் நடுவில் கிளிக் பிடிக்காது, ஓரக் கோட்டில் மட்டும்தான் பிடிக்கும். ஏதாவது ஒரு நிறத்தை நிரப்பி அதன் ஒளிபுகு தன்மையை 100 சதவீதமாக வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, கிளிக்கும் விழும். இலவச மென்பொருளான லிப்ரெஆஃபீஸில், வேர்ட் போன்ற ரைட்டருக்குள் எக்செல் போன்ற கால்க்கின் ஷீட் வைத்தாலும் இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போய்த்தான் லிங்கைத் திறக்க வேண்டும், அதுவும் கன்ட்ரோல் பிடித்து. பாதையைச் சுருக்குவதா வேண்டாமா என்பது அங்கே டூல்ஸ், ஆப்ஷன்ஸ், 'லோட்/சேவ்', ஜெனரலில் 'சேவ் யுஆர்எல்ஸ் ரிலேட்டிவ் டு ஃபைல் சிஸ்டம்' என்ற டிக்கில் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் உங்கள் விஷயத்தில் என் யோசனை: எம்பெட்டையே எடுத்துவிடுங்கள். அறிக்கையைப் படிப்பவர் வேர்டில் திறந்து, மஞ்சள் பட்டையைத் தாண்டி, இரட்டைக் கிளிக் செய்து சான்றைப் பார்க்கப் போவதில்லை. எப்படியும் நீங்கள் கடைசியில் பிடிஎஃப்பாகத்தான் அனுப்புவீர்கள், பிடிஎஃப்பில் எம்பெட் அட்டவணை படம் மட்டுமே, லிங்க் ஒன்றுகூட மிஞ்சாது. போதாக்குறைக்கு, வேர்ட் கோப்பை யாருக்கேனும் அனுப்பினால் உள்ளே முழு எக்செல்லும் போகிறது. நீங்கள் காட்டும் ஷீட் ஒன்றுதான், ஆனால் பக்கத்து ஷீட்டில் ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல் இருந்தால் அதுவும் சேர்ந்து பயணம் போகும்.

எக்செல்லில் வேண்டிய செல்களைக் காப்பி செய்து, வேர்டில் 'கீப் சோர்ஸ் ஃபார்மட்டிங்' கொடுத்துச் சாதாரண அட்டவணையாக ஒட்டுங்கள். 'இன்சர்ட் லிங்க்' வழியாகப் போட்ட லிங்குகள் வேர்டின் சொந்த லிங்குகளாக வந்துவிடும், வரவில்லை என்றால் அந்தச் செல்லில் கன்ட்ரோல்-கே அழுத்திக் கொடுத்துக்கொள்ளலாம். முகவரிகள் எல்லாம் டி டிரைவ் பாதையாக இல்லாமல் கல்லூரி இணையதளத்தின் முகவரிகளாக இருக்கட்டும். மூல எக்செல்லைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், எண்கள் மாறினால் அங்கே திருத்தி மறுபடி ஒட்டலாம். அட்டவணை மிகப் பெரிதாக இருந்து வேர்டில் அடங்காது என்றால், எக்செல்லையே இணையதளத்தில் ஏற்றிவிட்டு அறிக்கையில் அதற்கு ஒரே ஒரு லிங்க் போதும்.

பிடிஎஃப் எடுக்கும்போது பிரிண்ட் போய் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுக்காதீர்கள். அது தாளில் அச்சடிப்பதைப் போலத்தான், நீல எழுத்து வரும், லிங்க் வராது. ஃபைல், 'சேவ் ஆஸ்' போய் வகையில் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்தப் பிடிஎஃப்பை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பி, கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, கூகுள் கணக்கில் உள்நுழையாத பிரவுசரில் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு லிங்கையாவது திறந்து பாருங்கள்.